இருபத்தோரு வயதில் ஒரு பாட்டு, பிறகு அறுபது ஆண்டுகள்: லூயிஸ் எல்பெல்

ஏரிக்கரையான் எழுதியது:

சென்ற அக்டோபரில் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். கும்பகோணத்துக்குப் பக்கத்துக் கிராமம். திருவிழா நாதஸ்வரம் கேட்டே வளர்ந்தவர். பாட்டு என்றால் ராகம், தாளம், இயற்றியவர் பெயர் மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் விடமாட்டார். நான் ஆன் ஆர்பரில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். இருந்தும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் புட்பால் ஆட்டத்துக்கு அப்பாவோடுதான் முதல்முறை போனேன். டிக்கெட் விலை அப்படி.

அந்த மைதானம் வெளியே நின்று பார்த்தால் பெரிதாகத் தெரியாது. உள்ளே நுழைந்தால்தான் பூமிக்குள் இறங்கிப் போகிறது, வற்றிய ஏரி மாதிரி. 1,07,601 பேர் உட்காரலாம். சுரங்கவழியிலிருந்து இசைக்குழு ஓடிவந்து அணிவகுத்து 'தி விக்டர்ஸ்' பாட்டைத் தொடங்கியதும் மொத்தக் கூட்டமும் எழுந்துவிட்டது. 'ஹெயில்' என்ற சொல் வரும் இடத்திலெல்லாம் அத்தனை பேரும் முஷ்டியை உயர்த்துகிறார்கள். இரண்டாம் தடவை பாட்டு வந்தபோது அப்பாவும் உயர்த்தினார். மூன்றாம் தடவை என் காதருகே குனிந்து, "இது யார் போட்ட மெட்டு?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் ஒரு வயதான தம்பதி, முப்பது வருடமாக அதே இருக்கையில் உட்காருகிறவர்களாம். அவர்களைக் கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "சூசாவாக இருக்குமோ?" என்றார் அந்த அம்மாள், அணிவகுப்பு இசைக்குப் பேர்போன ஜான் பிலிப் சூசாவை நினைத்து. அப்பாவின் முகம் சுண்டிவிட்டது. "முப்பது வருடம் பாடியிருக்கிறார்கள், யார் பாட்டு என்று தெரியவில்லை" என்று வீடு வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்.

அதற்குப் பிறகு தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவர் பெயர் லூயிஸ் எல்பெல். 1877-இல் இண்டியானா மாநிலத்து சௌத் பெண்டில் பிறந்தவர். குடும்பத்துக்கு அங்கே இசைக்கருவிக் கடை. ஆன் ஆர்பரில் மாணவராக இருந்தபோது, 1898 நவம்பர் 24, நன்றி நவிலும் நாளன்று, சிகாகோவுக்கே போய் சிகாகோ பல்கலைக்கழகத்தோடு மிச்சிகன் மோதியது. அந்த ஆண்டு மிச்சிகன் அதுவரை ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. இதிலும் வென்றால் மேற்குக் கூட்டமைப்பின் (அந்தப் பக்கத்துப் பல்கலைக்கழக அணிகளின் சங்கம்) பட்டம் முதல்முறையாகக் கைக்கு வரும். எதிரணியின் பயிற்சியாளர் அமோஸ் அலோன்சோ ஸ்டாக், லேசுப்பட்டவர் இல்லை. சார்ல்ஸ் விட்மன் என்ற மிச்சிகன் வீரர் பந்தை அணைத்துக்கொண்டு 65 கெஜம் ஓடிய ஓட்டம்தான் ஆட்டத்தைத் தீர்த்தது. மிச்சிகன் 12, சிகாகோ 11.

இருட்டில் மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். மிச்சிகன் இசைக்குழு அப்போது வாசித்தது 'ஹாட் டைம் இன் தி ஓல்டு டவுன்' என்ற ஊரறிந்த பாட்டு. அந்த வருடம் கியூபாவில் சண்டை போட்ட ரூஸ்வெல்ட்டின் தன்னார்வப் படையினர் வாயிலும் அதுதான். எல்பெலும் கூடவே கத்திக்கொண்டு போனார். போகிற போக்கில் அவருக்கு உறைத்திருக்கிறது: இவ்வளவு பெரிய வெற்றிக்கு இரவல் பாட்டா? ஆன் ஆர்பர் திரும்பும் ரயிலிலேயே புதுப்பாட்டை எழுதி முடித்தார் என்பது பல்கலைக்கழகம் சொல்லிவரும் கதை. சொல்லும் அவருடையது, மெட்டும் அவருடையது. தான் மேகத்தில் மிதந்துகொண்டிருந்ததாகவும், சுரங்களை நிரப்பியது மட்டுமே தன் வேலை என்றும் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

1899-இல் ஜான் பிலிப் சூசாவின் இசைக்குழு ஆன் ஆர்பருக்கு வந்தபோது அதை வாசித்தது. சௌத் பெண்டில் எல்பெல் பிரதர்ஸ் பெயரிலேயே அச்சானது. அப்போது அவருக்கு வயது இருபத்தொன்றோ இருபத்திரண்டோதான்.

அவர் இறந்தது 1959-இல். பாட்டுக்குப் பிறகு அறுபத்தோரு ஆண்டுகள். அந்த வருடங்களைப் பற்றி யாருமே கேட்பதில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. இப்படி ஒரே பாட்டோடு நின்றுபோன மனிதர்களைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

வழிப்போக்கன் எழுதியது:

விளையாட்டு தெரியாதவன் கேட்கிறேன். 12-11 என்பது புட்பால் கணக்கா, கூடைப்பந்துக் கணக்கா?

ஏரிக்கரையான் எழுதியது:

அமெரிக்கப் புட்பால் வேறு, நம் ஊரில் உதைக்கும் பந்து வேறு, நண்பரே. அதில் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பெரும்பாலும் ஓடுவார்கள். பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டினால் டச் டவுன். இன்று அதற்கு ஆறு புள்ளி. 1898-இல் ஐந்துதான். அதற்குப் பிறகு உதைக்கும் உதை சரியாகப் போனால் இன்னும் ஒன்று. அந்த ஒன்றில்தான் சிகாகோ தோற்றது.

சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. 1939-இல் புட்பாலே வேண்டாம் என்று கைகழுவிவிட்டார்கள். அந்த மைதானத்துக்குப் பின்னாளில் ஸ்டாக் பெயரையே வைத்தார்கள். 1942 டிசம்பரில் அதன் மேற்குப் பார்வையாளர் மாடத்துக்கு அடியில்தான் உலகத்தின் முதல் அணுத் தொடர்வினை நடந்தது. இன்று அந்த இடத்தில் நூலகம் இருக்கிறது. பாட்டுக்குக் காரணமான மைதானம் போய்விட்டது, தோற்ற அணியின் பெருமையும் போய்விட்டது, பாட்டு மட்டும் சனிக்கிழமைதோறும் கேட்கிறது.

கொலம்பஸ்வாசி எழுதியது:

ஒஹாயோவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் அந்த மாநிலத்தின் பெயரைச் சொல்லமாட்டோம், "வடக்கே இருக்கிற அணி" என்போம். அவர்களோடு ஆட்டம் வரும் வாரத்தில் வளாகத்துப் பலகைகளில் அந்த முதல் எழுத்தையே சிவப்பு நாடா ஒட்டி மறைத்துவிடுவார்கள். ஆகவே ஏரிக்கரையாரின் பதிவை அந்தப் பெயர் வரும் இடங்களில் கண்ணை மூடிக்கொண்டு படித்தேன்.

எங்களிடமும் பாட்டு உண்டு. 'அக்ராஸ் தி ஃபீல்டு', 1915-இல் வில்லியம் டோகர்ட்டி என்ற மாணவர் எழுதி அப்போதைய பயிற்சியாளர் வில்ஸுக்குக் காணிக்கையாக்கினார். எங்கள் பாட்டில் எதிரணி இருக்கிறது, மைதானத்தின் குறுக்கே நடந்து போவது இருக்கிறது, இனிமேல்தான் ஆட்டம். அவர்கள் பாட்டில் ஆட்டம் முடிந்துவிட்டது, பட்டமும் வாங்கியாகிவிட்டது. முதல் ஐந்து நிமிடத்திலேயே "நாங்களே வென்றோம்" என்று பாடினால் மற்றவனுக்கு எரியாதா?

மெண்டோட்டா எழுதியது:

விஸ்கான்சின் மாநிலத்து மாடிசனில் ஆராய்ச்சி மாணவியாக இருக்கிறேன். எல்பெலுக்கு அறுபது ஆண்டுகளாவது கிடைத்தன. எங்கள் ஆளின் கதை வேறு மாதிரி.

'ஆன், விஸ்கான்சின்' பாட்டுக்கு மெட்டுப் போட்டவர் வில்லியம் பர்டி. விஸ்கான்சினில் படித்தவர் இல்லை. நியூயார்க் மாநிலத்து ஹாமில்டன் கல்லூரியில் படித்தவர். மெட்டுப் போட்டபோது மாடிசன் நகரத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. 1909-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்துக்குப் புதுப்பாட்டு வேண்டும் என்று போட்டி வைத்தார்கள். பரிசு நூறு டாலர். பர்டி சிகாகோவில் தங்கிப் பிழைப்புத் தேடிக்கொண்டிருந்த காலம். "மினசோட்டா, மினசோட்டா" என்று பாடும்படி ஒரு மெட்டைத் தயார் செய்துவிட்டார்.

அதைக் கேட்டவர் கார்ல் பெக், விஸ்கான்சினின் பழைய மாணவர். இதை எதிரிக்குக் கொடுக்காதே, எங்களுக்குக் கொடு என்று பிடித்துக்கொண்டார். பர்டி போட்டியிலிருந்து விலகினார், பெக் புதிய சொற்களை எழுதினார். "ஆன், விஸ்கான்சின்" என்பது உள்நாட்டுப் போரில் 1863-இல் மிஷனரி ரிட்ஜ் மலையேறிய விஸ்கான்சின் படைக்கு ஆர்தர் மக்கார்தர் எழுப்பிய முழக்கம். இரண்டாம் உலகப்போரின் தளபதி டக்ளஸ் மக்கார்தருக்கு அவர் அப்பா.

1909 நவம்பரில், மினசோட்டாவோடு நடந்த ஆட்டத்தையொட்டித்தான் பாட்டு முதல்முதலாக வெளியே வந்தது. அந்த ஆட்டத்தில் விஸ்கான்சின் தோற்றது. நூறு டாலர் பரிசு ஃபிளாய்டு ஹட்செல் என்பவருக்குப் போனது. அவர் எழுதிய 'மினசோட்டா ரவுசர்' இன்றும் அங்கே பாடப்படுகிறது.

பர்டி 1918-இல் காசநோயில் இறந்தார். முப்பத்தாறு வயது. 1959-இல் அந்த மெட்டு விஸ்கான்சின் மாநிலத்தின் அதிகாரபூர்வப் பாட்டாயிற்று. அமெரிக்காவில் எத்தனை உயர்நிலைப்பள்ளிகள் அதே மெட்டில் தங்கள் ஊர்ப் பெயரைச் செருகிப் பாடுகின்றன என்பதற்குக் கணக்கே இல்லை. எல்பெல் இறந்த அதே 1959 என்பதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

நான் காலையில் சைக்கிளில் போகும்போது இசைக்குழுப் பிள்ளைகள் இதைப் பயிற்சி செய்வது கேட்கும். மினசோட்டாவின் நான்கு அசையும் விஸ்கான்சினின் மூன்று அசையும் ஒரே மெட்டில் எப்படி உட்கார்ந்தன என்று பாடிப் பாடிப் பார்த்திருக்கிறேன். "ஆன்" என்ற ஒரு சொல்லைச் சேர்த்துச் சரிக்கட்டிவிட்டார் பெக் என்று தோன்றுகிறது.

சந்தேகப்புலி எழுதியது:

எல்லோரும் உருகுகிறீர்கள். ஏரிக்கரையாரே, "இரவல் பாட்டா?" என்று எல்பெலுக்குக் கோபம் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தேன்.

ஜார்ஜ் ரோசி என்று ஒருவர். இயற்பெயர் ரோசன்பெர்க், நியூயார்க்கில் அணிவகுப்பு இசையும் நடன இசையும் எழுதி அச்சுக்குக் கொடுத்துப் பிழைத்தவர். அவருடைய 'தி ஸ்பிரிட் ஆஃப் லிபர்ட்டி' என்ற அணிவகுப்பு இசை 1898-இல், அந்தச் சிகாகோ ஆட்டத்துக்குச் சில மாதங்கள் முன்பே பதிப்புரிமை பெற்றுவிட்டது. அதன் டிரியோ எனப்படும் பிற்பகுதியையும் 'தி விக்டர்ஸ்' பாட்டில் "ஹெயில்" என்று கூட்டம் கத்தும் பகுதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். சாயல் என்று சொல்லித் தப்ப முடியாது, அதே மெட்டு. இதைக் கிளப்பியது ஒஹாயோக்காரர்கள் இல்லை. மிச்சிகன் இசைக்குழுவின் வரலாற்றைத் துருவியவர்களே எழுதியிருக்கிறார்கள்.

வீட்டில் இசைக்கருவிக் கடை. புதிதாக அச்சாகும் தாள்கள் முதலில் வந்து இறங்கும் இடமே அதுதான். மேகத்தில் மிதந்தாராம், சுரத்தை நிரப்பினாராம்!

ஏரிக்கரையான் எழுதியது:

புலியாரே, கேட்டேன். இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒற்றுமை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இருபத்தொரு வயதுப் பையன், ரயில் பெட்டி, தொண்டை கட்டிப்போன ராத்திரி. எங்கேயோ காதில் விழுந்த மெட்டு தன்னுடையது என்று நினைத்து எழுதியிருக்கக்கூடாதா? திருட்டு என்று சொல்வதற்குத் தெரிந்து செய்திருக்கவேண்டும்.

சந்தேகப்புலி எழுதியது:

தெரியாமல் எடுத்தாலும் என் சைக்கிள் என் சைக்கிள்தான்.

பேண்டு மாஸ்டர் எழுதியது:

போலீஸ் பேண்டில் இருபத்தெட்டு வருடம் யூஃபோனியம் வாசித்து ஓய்வு பெற்றவன். இப்போது எங்கள் ஊர்க் கல்யாண பேண்டுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இந்தச் சண்டையில் நடுவில் புகுந்து தொழில் விவரம் மட்டும் சொல்கிறேன்.

அணிவகுப்பு இசைக்கு ஒரு கட்டு உண்டு. முதலில் சின்ன முன்னுரை. அப்புறம் முதல் பகுதி இரண்டு தடவை, இரண்டாம் பகுதி இரண்டு தடவை. அதுவரை வாத்தியங்கள் தங்கள் வித்தையைக் காட்டும். பிறகு வருவதுதான் டிரியோ. அங்கே சுருதி இடம் மாறும். மத்திமத்தைச் சட்ஜமாக வைத்துக்கொண்டு வாசிப்பது. நம் கச்சேரியில் மத்யம சுருதிப் பாட்டு என்கிறோமே, அந்தச் சுகம்தான் டிரியோவில் கிடைப்பது. மெட்டு சாந்தமாக, வாயால் பாடும்படி இருக்கும். கடைசியில் அதையே முழுப் பலத்தோடு எல்லா வாத்தியமும் சேர்ந்து இடிக்கும்.

எல்பெல் எழுதியது இப்படி ஒரு முழு அணிவகுப்பு. கூட்டம் பாடுவது அதன் டிரியோவை மட்டும்தான். மற்றப் பகுதிகள் கூட்டத்துக்குத் தெரியவே தெரியாது. அவையெல்லாம் அவருடையவை, யாரும் உரிமை கேட்கவில்லை. புகழ் வாங்கித் தந்த பகுதியில்தான் வழக்கு.

தாளம்: 'தி விக்டர்ஸ்' ஆறு-எட்டு. தகிட தகிட, தகிட தகிட. ஒவ்வொரு தகிடவுக்கும் ஒரு கால். இந்தத் திஸ்ர நடையில் அணிவகுத்தால் காலில் ஒரு துள்ளல் தானாக வரும். மாடிசன் அம்மா சொன்ன 'ஆன், விஸ்கான்சின்' அப்படி இல்லை. அது நேர்நடை, தகதிமி. குறுகத் தறித்தாற்போல் விழும். இரண்டையும் ஒரே பையன்களிடம் கொடுத்தால் முதல் பாட்டில் சிரித்துக்கொண்டு நடப்பார்கள், இரண்டாவதில் தாடையை இறுக்கிக்கொண்டு நடப்பார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது திருட்டு விவகாரம். திஸ்ர நடை டிரியோ என்றால் நீண்ட சுரத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏறுவது பழகிய பாதை. இரண்டு பேர் தனித்தனியே அந்தப் பாதையில் நான்கு அடி வைப்பார்கள். அதற்கு மேலும் அடிக்கு அடி ஒத்துப்போனால் ஒருவர் இன்னொருவரைக் கேட்டிருக்கிறார் என்றுதான் எங்கள் தொழிலில் சொல்வோம். புலியார் பக்கம் தீர்ப்பு.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ரோசியின் பாட்டை இன்று யார் வாசிக்கிறார்கள்?

வாகைசூடி எழுதியது:

தமிழாசிரியன். இந்த இழையை மகள் காட்டினாள்.

கொலம்பஸ்வாசி எரிச்சலோடு சொன்ன ஒன்றைப் பிடித்துக்கொள்கிறேன். எதிர்த்துப் பொருதும் போரைப் பாடுவது தும்பைத் திணை. வென்ற பிறகு பூச்சூடிப் பாடுவது வாகைத் திணை. நீங்கள் சொல்லும் கல்லூரிப் பாட்டுகளில் பெரும்பாலானவை தும்பை: போராடு, முன்னேறு, கோட்டை விடாதே. எல்பெலுடையது வாகை. அவர் தோல்விக்குப் பயந்து எழுதவில்லை, வெற்றிக்குப் பிறகு எழுதினார். சண்டை முடிந்து, புழுதி அடங்கி, தொண்டை கட்டிய நேரத்துப் பாட்டு. அதை ஆட்டம் தொடங்கும் முன்பே பாடுவதால்தான் எதிரிக்கு எரிகிறது.

மெட்டு இரவல் என்பதில் எனக்கு அதிர்ச்சி இல்லை. முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயரின் பேண்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருத வரிகள் எழுதினார். நோட்டு சுரம் என்று ஏறக்குறைய நாற்பது இருக்கின்றன. 'சந்ததம் பாஹிமாம்' என்பது இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் மெட்டேதான். 'சக்தி ஸஹித கணபதிம்' பாடாத இசை மாணவர் உண்டா? நம் நாடகக்காரர்களும் பாட்டுப் புத்தகத்தில் இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்று தலைப்பிலேயே போட்டுவிடுவார்கள்.

சந்தேகப்புலி எழுதியது:

ஐயா, அதுதான் வித்தியாசம். அவர்கள் தலைப்பில் போட்டார்கள்.

வாகைசூடி எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன், தம்பி.

பழைய மாணவன் எழுதியது:

சம்பந்தம் இருக்கிறதோ இல்லையோ, சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளில் ஒரு பொறியியல் கல்லூரியில் படித்தேன். பெயர் வேண்டாம். ஆண்டுவிழாவுக்குக் கல்லூரிப் பாட்டு வேண்டும் என்றார்கள். விடுதி மொட்டைமாடியில், கொசுவர்த்தி வெளிச்சத்தில், பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். மெட்டு என் அறைத் தோழனுடையது. தண்ணீர் வாளியைக் கவிழ்த்துத் தாளம் போட்டு மெட்டமைத்தான். விழா மலரில் பாட்டு முழுப்பக்கத்தில் வந்தது. கீழே "மாணவர்கள்" என்று மட்டும் போட்டிருந்தது. கேட்டதற்கு, கல்லூரி என்றால் எல்லோரும்தானே என்றார்கள். சென்ற ஆண்டு அக்காள் மகன் அதே கல்லூரியில் சேர்ந்தான். வீடியோ அனுப்பினான். இன்னும் பாடுகிறார்கள். இரண்டாம் சரணத்தில் ஒரு சொல் தவறிப்போய் அர்த்தமே மாறிவிட்டது. யாரிடம் போய்ச் சொல்வது? நான் எழுதியது என்பதற்கே சாட்சி இல்லை. அறைத் தோழனும் இப்போது இல்லை.

வழிப்போக்கன் எழுதியது:

எந்தச் சொல், அண்ணா?

பழைய மாணவன் எழுதியது:

"கற்றோர்" என்று எழுதினேன். "கற்றார்" என்று பாடுகிறார்கள். "கற்றோர் போற்றும் களம்" என்பது "கற்றார், போற்றும் களம்" என்று ஆகிவிட்டது. என்ன கற்றார், யார் கற்றார்?

மெண்டோட்டா எழுதியது:

பழைய மாணவன் அண்ணா, சிரிப்பும் வந்தது, மனதும் கனத்தது.

ஏரிக்கரையார் கேட்ட கேள்விக்குத் திரும்புகிறேன். பாட்டுக்குப் பிறகு இவர்கள் என்ன ஆனார்கள் என்று வார இறுதியில் தேடினேன். சிலர் விஷயம் சுவாரசியமாக இருக்கிறது.

அலபாமாவின் பாட்டை எழுதியவர் எதல்ரெட் சைக்ஸ், பொறியியல் மாணவர். 1926 புத்தாண்டு நாளில் அலபாமா ரோஸ் பவுல் ஆட்டத்தில் வென்ற குஷியில் நடந்த போட்டிக்கு எழுதினார். ஐம்பது டாலர் பரிசு. அதை வைத்துத் தன் பாட்டுக்கே வாத்தியக் கோவை எழுதி வாங்கினார். பிற்காலத்தில் விமானப்படையில் பிரிகேடியர் ஜெனரல். தென் கலிபோர்னியாவின் 'ஃபைட் ஆன்' பாட்டை 1922-இல் எழுதிய மைலோ ஸ்வீட் பல் மருத்துவ மாணவர். டெக்சாஸ் ஏ அண்ட் எம் கல்லூரிப் பாட்டு முதல் உலகப்போரின்போது ஐரோப்பாவில் இருந்த சிப்பாய் ஒருவர், வீட்டிலிருந்து வந்த கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியது. பரீட்சைத் தாளின் பின்பக்கம் ஒன்றும் குறைந்ததில்லை, அண்ணா.

நாட்டர் டேமின் பாட்டுக்கு மெட்டுப் போட்ட மைக்கேல் ஷே பாதிரியாரானார். சொற்கள் அவர் தம்பி ஜானுடையவை. அது முதலில் பொதுவில் ஒலித்தது மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹோல்யோக் நகரில், ஒரு தேவாலயத்து ஆர்கனில். கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் பாட்டு, வாசித்த இடம் புராட்டஸ்டண்டு தேவாலயம். நாட்டர் டேம் இருப்பது சௌத் பெண்டில், அதாவது எல்பெலின் ஊரில்! தன் ஊர்க் கல்லூரியை விட்டு வெளியூருக்குப் பாட்டு எழுதிக்கொடுத்திருக்கிறார் மனிதர். நாட்டர் டேமுக்கு 1887-இல் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்ததும் மிச்சிகன் மாணவர்கள்தான்.

முழுதாகத் தப்பித்தவர் ஒருவர்தான்: கோல் போர்ட்டர். யேல் பல்கலைக்கழகத்தின் 'புல்டாக்' பாட்டை 1911-இல் மாணவராக இருந்தபோது எழுதினார். பிறகு பிராட்வேயில் போட்ட போட்டில் அதை யாரும் அவர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. எனக்கு என்னவோ அவரைவிட அந்தப் பல் மருத்துவ மாணவரைப் பிடித்திருக்கிறது.

கொலம்பஸ்வாசி எழுதியது:

வடக்குக்காரர்களுக்கு இடையில் ஒரு சங்கடம் வந்ததை யாரும் சொல்லவில்லையே, நானே சொல்கிறேன். பாட்டில் "மேற்கின் சாம்பியன்" என்று வரும். 1907-ஐ ஒட்டி அவர்கள் கோபித்துக்கொண்டு மேற்குக் கூட்டமைப்பிலிருந்தே வெளியேறிவிட்டார்கள். மேற்கில் இல்லாதவன் மேற்கின் சாம்பியன் என்று எப்படிப் பாடுவது? 1911-இல் 'வார்சிட்டி' என்று வேறு பாட்டு எழுதிக்கொண்டார்கள். 1917-இல் திரும்பி வந்ததும் பழைய பாட்டையே தூசி தட்டினார்கள். எல்பெல் அந்தப் பத்து வருடம் என்ன நினைத்திருப்பார்?

நெறியாளர்:

இரண்டு பின்னூட்டங்களை நீக்கியிருக்கிறேன். ரோசியைப் பற்றிப் பேசலாம், அவருடைய இனத்தைப் பற்றிப் பேசக்கூடாது.

ஏரிக்கரையான் எழுதியது:

இழை இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை.

எல்பெலின் பிற்காலத்தைப் பற்றி நான் இரங்கி எழுதியது பாதி தவறு என்று இப்போது படுகிறது. அவரை மறந்துவிடவில்லை. இசைக்குழு பயிற்சி செய்யும் மைதானத்துக்கு எல்பெல் ஃபீல்டு என்று பெயர். நானே அதைத் தாண்டி எத்தனையோ தடவை கார் ஓட்டிப் போயிருக்கிறேன், பலகையைப் படித்ததில்லை. ஜெரால்டு ஃபோர்டு அங்கே 1930-களில் ஆடியவர். ஜனாதிபதியான பிறகு தனக்கு வாசிக்கவேண்டிய அரசு மரியாதை இசைக்குப் பதிலாகச் சில வேளை இதை வாசிக்கச் சொல்வாராம். அவர் இறந்து உடல் சொந்த ஊருக்கு வந்தபோது மிச்சிகன் இசைக்குழு இதையே மெதுவாக வாசித்தது. அந்தப் பதிவைக் கேட்டுப் பாருங்கள். மாஸ்டர் சொன்ன தகிடவில் துள்ளல் போய்விட்டால் என்ன மிஞ்சுகிறது என்று தெரியும்.

புலியார் விஷயத்தில் நான் தோற்றேன். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு ஃபோன் செய்து ரோசி கதையைச் சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை. "நான் யார் பாட்டு என்று கேட்கவில்லையே, யார் போட்ட மெட்டு என்றுதானே கேட்டேன்" என்றார். உண்மைதான். நான் அவருக்கு அக்டோபரில் சொல்லியிருக்கவேண்டிய பெயர் வேறு. அப்பா ஒரு டைரி வைத்திருக்கிறார், கச்சேரி கேட்டால் குறித்துக்கொள்வார். ஆன் ஆர்பர் பக்கத்தில் டிக்கெட்டை ஒட்டி, கீழே "எல்பெல்" என்று எழுதியிருந்தாராம். "ரோசிக்கு ரொ போடுவதா, ரோ போடுவதா?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். எல்பெலை அடிக்கவில்லை. இரண்டு பேரும் இருக்கட்டும் என்றார்.

பேண்டு மாஸ்டர் எழுதியது:

ஏரிக்கரையார் தனிமடலில் சுரத்தாள் அனுப்பியிருந்தார். 1899-இல் அச்சானது, உரிமைத் தொல்லை இல்லை. டிரியோவை மட்டும் எங்கள் பையன்களுக்குப் பிரித்து எழுதினேன். மூன்று டிரம்பெட், இரண்டு கிளாரினெட், ஒரு சாக்ஸபோன், யூஃபோனியம் நானே, டிரம் இரண்டு. டிரோம்போன் பையன் துபாய்க்குப் போய்விட்டான்.

பையன்களுக்கு முதல் நாள் நடை பிடிபடவில்லை. கல்யாண ஊர்வலத்தில் நடந்து பழகியது முழுக்க தகதிமி. தெருவில் நிற்கவைத்து, வாத்தியத்தைக் கீழே வைக்கச் சொல்லி, வாயால் தகிட சொல்லிக்கொண்டு பால் டிப்போவரை நடக்கவைத்தேன். திரும்பி வரும்போது வந்துவிட்டது.

வியாழக்கிழமை மாப்பிள்ளை அழைப்பு. பெருமாள் கோவில் வாசலிலிருந்து மண்டபம்வரை. கோவில் திருப்பத்தில் இதைத் தொடங்கினோம். கடைசிச் சுற்றில் எல்லா வாத்தியமும் சேர்ந்தபோது முன்னால் போன சின்னப் பிள்ளைகள் தாங்களாகவே துள்ள ஆரம்பித்துவிட்டார்கள். காரில் இருந்த மாப்பிள்ளையும் எட்டிப் பார்த்தார். மண்டபத்து வாசலில் மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்து, இன்னொரு தடவை அதே பாட்டு என்று சட்டைப்பையில் ஐந்நூறு ரூபாய் செருகினார். வாசித்து முடித்ததும் பக்கத்தில் வந்து, "மாஸ்டர், இது எந்தப் படத்துப் பாட்டு?" என்றார்.

படம் இல்லை, எல்பெல் என்று ஒருவர் எழுதியது என்றேன்.

"புது மியூசிக் டைரக்டரா?" என்றார்.